இடக்கைக்கு ஒன்று

நாரன்தூல் சந்தையில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
வாய் திறந்தால் பேச்சுக்கு முன் புகை வரும்.
தவாசுரேன் தகரப் பெட்டியின் அடியில் துழாவி
"ஜெர்மனியிலிருந்து மச்சினன் கொண்டுவந்தது,
எடுத்துப் பார்த்தவர்கள் எல்லாம்
கோணல் என்று வைத்துவிட்டுப் போகிறார்கள்" என்றான்.
கோணல் இல்லை.
மற்ற கத்தரிக்கோல்கள்
கண்ணாடியில் முகம் பார்த்தால் இப்படித்தான் தெரியும்.

கையுறையைக் கழற்றினேன்.
முதலில் நடு ஆணி.
அறைந்து முடித்தது ஆகாது,
திருகினால் இளகவும் இறுகவும் தெரியவேண்டும்.
பிறகு மூடிய அலகுகளை வானத்துக்கு நேரே பிடித்தேன்.
நடுவில் மயிரிழை வெளிச்சம்,
நுனியில் மட்டும் முத்தம். சரி.
பைக்குள்ளிருந்து ஒரு பட்டுத்துண்டு,
நுனியால் ஒரே ஒரு கடி.
நுனி வெட்டாத கத்தரி
கடைசி வார்த்தையை விழுங்குகிற சாட்சி.
இது விழுங்கவில்லை.

காதோரம் வைத்து மூடிப் பார்த்தேன்.
புதுப்பனியில் நரி நடந்தது.

ஒரு செம்மறியின் விலை சொன்னான்.
"செம்மறிக்குத் தோல் உண்டு, கொழுப்பு உண்டு.
இதற்கு?"
"வாய் உண்டு. தீனி நீ போடு."

வலக்கையை நீட்டி, அதன் முழங்கையை
இடக்கையால் தாங்கி வாங்கிக்கொண்டேன்.
எங்கள் ஊரில் மரியாதை வலக்கைக்கு.
என் வீட்டில் சோறு மட்டும் இடக்கையின் சம்பாத்தியம்.

கம்பளித் துணியில் சுற்றியதை
வீட்டுக்குள் கொண்டுவந்தும் பிரிக்கவில்லை.
குளிரில் நடந்து வந்த இரும்பை
அடுப்பு எரியும் அறையில் உடனே திறந்தால் வியர்க்கும்.
வியர்வை துருவாகும்.
ஓடி வந்த குதிரைக்கு
உடனே தண்ணீர் காட்டுவார்களா?
"காட்டேன்" என்றான் ஒச்சிர்பாத்.
"நாளைக்கு."
"என்ன, பிரசவமா?"

காலையில் ஆணிக்கு ஒரு சொட்டு எண்ணெய்,
பத்துத் தடவை திறந்து மூடி,
கசிந்ததைத் துடைத்து,
துல்மாவின் நீலப்பட்டை விரித்தேன்.
பதினெட்டு நாளில் புத்தாண்டு,
அதற்குள் அவளுக்கு டீல் அங்கி வேண்டும்.

முதல் வெட்டு.
பட்டு மடங்கி அலகுகளுக்கு நடுவே போய்ச் சிக்கியது.
பல் போன நாய் மென்ற மாதிரி ஓரம்.

தவாசுரேனைத் திட்டினேன். ஜெர்மனியைத் திட்டினேன்.
அப்புறம்தான் என் கட்டைவிரலைப் பார்த்தேன்.

இருபத்திரண்டு வருடம்
வலக்கைக்காரர்களின் கத்தரி.
இடக்கையில் பிடித்தால் அதன் அலகுகள் விலகும்,
விலகாமலிருக்கக் கட்டைவிரலை உள்ளே இழுப்பேன்.
மேல் அலகு கோட்டை மறைக்கும்,
எட்டிப் பார்க்கக் கழுத்தைச் சாய்ப்பேன்.
சரங்கூ யாரையும் நேராகப் பார்ப்பதில்லை என்று
வாடிக்கைக்காரிகள் சொல்வார்கள்.
பிழையைத் திருத்தித் திருத்தி
திருத்தமே கையாகிவிட்டது.
இப்போது பிழை இல்லை.
திருத்தம் மட்டும் பாக்கி,
அதுதான் துணியை மெல்கிறது.

மூன்று ராத்திரி
கட்டைவிரலுக்கு மறக்கக் கற்றுக்கொடுத்தேன்.
ஒச்சிர்பாத் செய்தித்தாளை நீட்டினான், பழகிக்கொள்ள.
"காகிதம் பட்டால் இது செத்துப்போகும், எடு" என்றதும்
பேசாமல் தன் பழைய சட்டைகளைக் கொண்டுவந்து போட்டான்,
அதில் இரண்டு அவ்வளவு பழையவையும் இல்லை.

நாலாம் நாள் கோடு தெரிந்தது.
சுண்ணக்கோடு முழுசாக, என் பக்கம்.
கழுத்து நேரே நின்றது.
நின்ற கழுத்துக்கு
எதிரே கொதிகலன் புகைபோக்கியும் தெரிந்தது,
அதன் மேல் நாலு புறா குளிர்காய்வதும்.

நாய் மென்ற ஓரத்தை
மேல்மடிப்புக்கு அடியில் ஒளித்துவிட்டேன்.
துல்மா, நீ கண்டுபிடிக்கமாட்டாய்.

பழைய கத்தரியை ஒச்சிர்பாத்திடம் கொடுத்தேன்,
காகிதத்துக்கு, பார்சல் கயிற்றுக்கு,
எதற்கு வேண்டுமானாலும்.
வலக்கையில் எடுத்துச் செய்தித்தாளை வெட்டினான்.
சத்தமே இல்லை. நூல் பிடித்த மாதிரி நேர்.

"நல்லாத்தானே இருக்கு," என்றான்,
"இதில் என்ன குறை கண்டாய்?"